தாளம்: இல்லை

அறுபது கசெற் மட்டும்.
உறையின் முதுகில் பேனையால் இலக்கம் போட்டிருக்கு.
எனக்குக் கிடைத்தது முப்பத்தேழு.
ஒற்றைச் செருப்பு வெளியீடு, நாவற்குடா.
நடத்துபவள் யசோதினி.
பகலில் மாபிள் கடையில் பில் எழுதுகிறாள்,
இரவில் மூன்று பழைய ரெக்கோடர்களை அடுக்கிவைத்து
ஒவ்வொன்றாகப் பிரதி எடுக்கிறாள்.
காசு கொடுத்தேன், எண்ணி வாங்கினாள்.
"பழைய கூட்டாளிக்குக் கழிவு இல்லையா?"
"இருபதாவது கூட்டாளி நீங்கள்" என்றாள்.

ரெஜினோல்ட் தனியே வாசித்த தொகுப்பு.
உறையில் அவன் முகம் இல்லை.
கல்லடிப் பழைய பாலத்து இரும்பில்
யாரோ கட்டிவிட்டுப் போன தூண்டில் நூல் மட்டும்.
உள்ளே சின்ன எழுத்து:
கிற்றார்: ரெஜினோல்ட்.
பேஸ்: அதே ஆள்.
குரல்: வேண்டாம் என்று விட்டோம்.
தாளம்: இல்லை.

அந்தக் கடைசி வரியை
ஐஸ் தொழிற்சாலை வாசலில் நின்று
ஏழு தரம் வாசித்தேன்.

'மூன்றாம் குறுக்கு' பேண்டின் பின்வரிசையில்
பதினொரு வருசம் வியர்த்தவன் நான்.
கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டுக் கேட்டார்கள், வாசித்தோம்.
கடைசி அரை மணித்தியாலம் எங்களுடையது.
அந்த நேரம் பார்த்து
மாப்பிள்ளை வீட்டார் ஐஸ்கிறீமுக்கு எழும்புவார்கள்,
வயர்ப் பொடியன் வயரைச் சுற்றத் தொடங்குவான்,
ரெஜி கண்ணை மூடி
ஒரே சுரத்தை வளைத்து வளைத்து
உடையும் இடம் வரைக்கும் கொண்டுபோவான்.
உடையவிடாமல் கீழே பிடிப்பது என் வேலை.
அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மறுகா அக்கரைப்பற்றுக் கல்யாணம் ஒன்றுக்கு
வானில் இடம் போதாமல்
என்னையும் ட்ரம்ஸையும் விட்டுவிட்டுப் போனார்கள்.
கீபோட்டில் தாளப் பொத்தானை அழுத்தினார்களாம்.
யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லையாம்.

இப்போது எனக்கு லொறி.
விடிய மூன்றரைக்கு ஐஸ் ஏற்றி
வாழைச்சேனைத் துறைமுகத்துக்கு.
இந்தக் கசெற்றைப் போடக்கூடிய ஒரே இடமும் அதுதான்,
முதலாளி இன்னும் ரேடியோவை மாற்றவில்லை.

முதற்பக்கம் ஏறாவூர் வரை.
வாவி இல்லை, பாடும் மீனும் இல்லை
(அதைத் தேடி வந்த கொழும்புக்காரனைப்
படகு எஞ்சினுக்குப் பக்கத்தில் இருத்தி அனுப்பினவன் இவன்).
தகரத்தில் ஆணி இழுபடுகிறது, பல் கூசுகிறது.
அந்தக் கூச்சத்துக்குள்ளேயே ஒரு மெட்டு
நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடக்கிறது.

நாலாவதில், செங்கலடிச் சந்தி தாண்ட,
திடீரென்று ஒன்றுமில்லை.
எட்டுச் சுற்று.
எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது.
கிற்றார் இல்லை, மின்விசிறிச் சத்தம்கூட இல்லை.
அவனுடைய மூச்சு.
கதிரை ஒருதரம் கிரீச்சிடுகிறது.
எட்டும் முடிய, சரியாக ஒன்றில், திரும்ப வருகிறான்.

லொறியை ஓரம் கட்டினேன்.
எனக்காக விட்ட இடம்.
வேறு யாருக்கு?
பின்னால் ஐஸ் உருகி றோட்டில் சொட்டச் சொட்ட
ஸ்டியரிங்கில் நெற்றி வைத்திருந்தேன்.

கோல் எடுத்தேன். நித்திரைக் குரல்.
"நாலாவதில அந்த எட்டுச் சுற்று..."
"அதா? கரண்ட் போயிட்டு மச்சான்.
ரெக்கோடர் பற்றறியில ஓடிட்டு இருந்திச்சு.
வரும் மட்டும் சும்மா இருந்தன்.
யசோதினிதான் வெட்டாத எண்டு சொன்னா."
"எட்டு, கணக்காய் இருக்கே?"
"அப்பிடியா" என்றான்.
கொஞ்சம் பொறுத்து:
"நீ எண்ணினியா?"

பிந்திவிட்டது, துறைமுகத்தில் ஏச்சுக் கிடைக்கும்.
கசெற்றைப் பின்னால் ஓட்டி
அந்த இடத்திலிருந்து திரும்பப் போட்டேன்.
லொறிப் பின்கதவின் கொழுக்கி
இரண்டு மாதமாகச் சரியில்லை,
குழியில் விழும்போதெல்லாம் அடிக்கும்.
கிரான் வரைக்கும் றோட்டில் குழிதான்.
எட்டுச் சுற்றுக்குள் கதவு
ஐந்து தரம் அடித்தது.
ஒன்றும் தாளத்தில் இல்லை.
ஒன்று மட்டும்,
ஏறத்தாழ.